ருவாரே வங்கியில் கட்டிய மாடு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக ஆரம்பித்ததல்ல. ஹராரேயில் ருவாரே வங்கியின் விளம்பரப் பிரிவில் காலமெல்லாம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்ற என்னிடம், வங்கியின் வரலாற்றைப் புத்தகமாக எழுதித் தரச் சொன்னார்கள். சும்மா இருப்பதற்கு இது மேல் என்று ஒப்புக்கொண்டேன். சும்மா இருப்பது எவ்வளவு சுகம் என்று அப்போது தெரியவில்லை.

முதல் வரி இப்படி இருந்தது: "புகையிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் சிலர் கூடி, தங்கள் பணத்தைத் தாங்களே..." அப்போதைய தலைவருக்கு அது பிடிக்கவில்லை. நம்மவர்கள் வாங்கிய நாளிலிருந்து ஆரம்பியுங்கள் என்றார். ஆரம்பித்தேன்: "விடுதலைக்குப் பிறகு உள்ளூர் வியாபாரிகள் ஐவர்..." ஐவரில் மூவர் வழக்கில் மாட்டிக்கொண்டார்கள். அந்த வரியும் போயிற்று. வங்கி அரசாங்கத்தின் கைக்குப் போனது. வந்த அதிகாரி 'மீட்பு' என்ற சொல்லில் தொடங்கச் சொன்னார். மீட்பு என்று எழுதி மை காய்வதற்குள் எல்லைக்கு அப்பாலிருந்து ஒரு குழுமம் வந்து வாங்கிவிட்டது. அவர்கள் மிக மரியாதையாகச் சொன்னார்கள்: வரலாறு வேண்டாம், நன்றி.

ஆக, என்னிடம் மிஞ்சியவை மூன்று முதல் வரிகளும் ஓர் அடிக்குறிப்பும். அடிக்குறிப்பில் ஒரு மாடு இருந்தது. இப்போது நீங்கள் படிப்பது அந்த அடிக்குறிப்பைத்தான்.

2

இங்கே பெண் கேட்டுப் போகிறவன்தான் சீர் கொடுக்க வேண்டும். மற்றதையெல்லாம் பணமாகக் கொடுக்கலாம், ஆயுசுக்கும் பாக்கி வைக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பெண்ணைப் பெற்றவளுக்குப் போகிற பசு மட்டும் உயிரோடு, நாலு காலில் நின்று வர வேண்டும். அது ஈன்று பெருக வேண்டும். அது வராத வீட்டில், அடுத்த தலைமுறைப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசும்போது கேள்வி எழும்.

[இந்தப் பத்தி பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கிறது. வெட்டலாம் என்று நினைத்தேன். அலுப்பாக இருந்தது. விட்டுவிட்டேன்.]

முசெகிவா என் பக்கத்து மேசைக்காரன். அவன் நியாராயைக் கட்டிக்கொண்ட வருஷம் மழை பொய்த்துப்போய், அவள் ஊரான மஸ்விங்கோ பக்கமெல்லாம் மாடுகள் செத்துக் கிடந்தன. அதே வருஷம்தான் அந்த ஐவர் வங்கியை வாங்கி, பொதுமக்களுக்குப் பங்கு விற்றார்கள். ஊழியர்களுக்குச் சலுகை விலை. முசெகிவா மாமியார் பெயரில் வாங்கிய பங்குப் பத்திரத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போய், அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, மரியாதைக்குக் கை தட்டினான்.

"அத்தை, இது புல் தின்னாத மாடு. தண்ணி கேக்காது. வருஷா வருஷம் கன்னு போடும். உங்களைக் கேக்காம யாராலயும் விக்க முடியாது."

மாய் நியாராய், அதாவது நியாராயின் தாய், சட்டத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"சாணி போடுமா?"

"போடாது அத்தை."

"அப்போ வீடு மெழுக வேற மாடுதான் பார்க்கணும்" என்றபடி வாங்கிச் சுவரில் மாட்டினாள்.

[முசெகிவாவைப் பற்றி எனக்கு இன்னும் தீர்மானமில்லை. முதல் பிரதியில் அவனைக் கஞ்சனாக எழுதினேன். இரண்டாவதில் அப்பாவியாக ஆக்கினேன். இரண்டும் பொய். அவனுக்கு இருபத்தைந்து வயது, புது டை, நம்மவர்களின் வங்கி. நானும் அப்போது அப்படித்தான் நம்பினேன்.]

3

இனி வங்கியின் வரலாறு. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

முதல் சில வருஷங்கள் வங்கி கொழித்தது. பங்குக்குப் பங்கு இலவசமாக வந்தது. மாய் நியாராய் பக்கத்து வீட்டாரிடம் "மறுபடி கன்னு போட்டிருக்கு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். பிறகு வங்கியின் பெயரை மாற்றினார்கள். "பேரை மாத்தினா பால் கூடுமா மாப்பிள்ளே?" என்று கேட்டாள். பிறகு நாட்டின் பணத்தில் பூஜ்யங்கள் ஏறிக்கொண்டே போன காலம் வந்தது. அதைப் பற்றி நான் எழுத... வேண்டாம். அதை வாழ்ந்து முடித்ததே போதும்.

அது ஓய்ந்தபோது நூறு பங்கைச் சேர்த்து ஒன்றாக்கினார்கள். சேதி சொல்ல முசெகிவாதான் போனான்.

"மந்தை முழுக்கப் போயிடுச்சா?"

"ஒண்ணு நிக்குது அத்தை."

"கிடாரிதானே?"

"கிடாரிதான்."

"அது போதும்" என்றாள்.

அவள் வங்கிப் பங்குதாரர்களின் ஆண்டுப் பொதுக்கூட்டம் ஒன்றையும் விட்டதில்லை. மஸ்விங்கோவிலிருந்து பஸ் பிடித்து வந்து முதல் வரிசையில் உட்காருவாள். முடிந்ததும் கோழியும் சோறும், வங்கியின் பெயர் போட்ட குடையும் கிடைக்கும். வாசலில் இருக்கும் பெண்ணிடம் ஒவ்வொரு வருஷமும் ஒரே கேள்விதான்: "மத்த முதலாளிங்க எல்லாம் வந்தாச்சா?" நாங்கள் சிரிப்போம். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தோம்.

4

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். புதிய குழுமத்திடம் ஏறக்குறைய எல்லாப் பங்குகளும் சேர்ந்துவிட்டன. மிச்சமிருக்கும் சில்லறைப் பங்குகளை, ஒரு விலையைப் போட்டுக் கேட்காமலே எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. அவர்கள் அதைச் செய்யும் அதே மாதத்தில்தான் முசெகிவாவின் மகள் செனாயைப் பெண் கேட்டு வருகிறார்கள். பொதுக்கூட்டத்துக்கு அடுத்த சனிக்கிழமை.

கடைசிப் பொதுக்கூட்டத்தில் மாய் நியாராய் கையைத் தூக்கினாள்.

"சொல்லுங்கம்மா" என்றார் தலைவர்.

"என் மாட்டை எதுக்கு விக்கறீங்க?"

அரங்கம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை, நல்ல மனிதர். யாரோ காதில் விஷயத்தைச் சொன்னார்கள்.

"பணம் உங்க கணக்குக்கு வந்துடும்மா."

"நான் விக்கறேன்னு சொல்லலியே."

"நீங்க சொல்ல வேண்டியதில்லைம்மா. சட்டம் அப்படி."

"அப்போ இத்தனை வருஷம் என்னை முதலாளின்னு கூப்பிட்டுச் சோறு போட்டது எதுக்கு?"

அவர் அடுத்த கேள்விக்குப் போனார். மாய் நியாராய் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அவர்கள் போட்ட விலையில் ஒரு கோழி வாங்கலாம். நன்றாகப் பேரம் பேசினால் இரண்டு.

ஹராரேயிலேயே ஹைஃபீல்டில் இருக்கும் மருமகன் வீட்டில் அன்று மாலை அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "எனக்கு வந்த மாடு செத்துப்போச்சு. பெத்தவளுக்கு மாடு இல்லாதப்போ, என் பொண்ணு தன் பொண்ணுக்கு எந்த முகத்தோட மாடு வாங்குவா? சனிக்கிழமை வர்றவங்களைத் திரும்பிப் போகச் சொல்லிடுங்க மாப்பிள்ளே."

முசெகிவா மனைவியைப் பார்த்தான்.

"என்னை ஏன் பாக்கறீங்க?" என்றாள் நியாராய். "புல் தின்னாதுன்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும். மாடுன்னா திங்கும்."

அவன் தன் பழைய பிக்கப் வண்டியை விற்று ஒரு கிடாரி வாங்கினான். இதில் நான் எதையும் சேர்க்கவில்லை.

5

முடிவு. மூன்று எழுதினேன்.

ஒன்று: கிழவி கிடாரியைத் தடவிக்கொடுக்கிறாள், பெண்கள் குலவை இடுகிறார்கள், கேட் திறக்கிறது. படித்துப் பார்த்தால் வங்கி வருஷா வருஷம் போடும் நாட்காட்டிப் படம் மாதிரி இருந்தது. அந்த நாட்காட்டிகளுக்கு வாசகம் எழுதியவனும் நான்தான். அடித்துவிட்டேன்.

இரண்டு: குழுமத்தின் தலைவர் மனம் இளகி, ஒரே ஒரு பங்கை மட்டும் அவளுக்குத் திருப்பிக் கொடுத்து... எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாவது, நடந்தது. அதையும் முடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை. லாரியிலிருந்து இறக்கிய கிடாரி அண்டை வீட்டுக்காரியின் கீரைப் பாத்தியை மேய்ந்துகொண்டிருந்தது. அவள் வேலிக்கு அந்தப்புறம் நின்று திட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டுத் தூதுவர் கேட்டுக்கு வெளியே நின்று முறைப்படி கை தட்டினார். உள்ளே முசெகிவா மாமியார் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். தலை நரைத்துவிட்டது, முழங்கால் மடங்கவில்லை. எனக்கு நாற்காலி கொடுத்திருந்தார்கள். அதில் உட்கார வெட்கமாக இருந்தது.

"அத்தை, மாடு வந்துடுச்சு. உயிரோட."

"பார்த்தேன். நல்ல மாடு."

"அப்போ கேட்டைத் திறக்கச் சொல்லட்டுமா?"

அவள் ஜன்னல் வழியே கிடாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வங்கி வரலாற்றுக்காக நான் சேர்த்த பெயர்கள் அப்போது என் நினைவில் வரிசையாக ஓடின. புகையிலைக்காரர்கள் விற்றார்கள். ஐவரும் விற்றார்கள். அரசாங்கம் விற்றது. என் பங்கை நான் விற்றுக் குளிர்பதனப் பெட்டி வாங்கினேன். முசெகிவாவும் தனக்கென்று வைத்திருந்ததை விற்றான். தானாக விற்காத முதலாளி என்று அந்த வங்கிக்கு இருந்தது இவள் ஒருத்திதான்.

"இதை எவனும் என்னைக் கேக்காம விக்க முடியாதே மாப்பிள்ளே?"

"யாராலயும் முடியாது அத்தை."

"அன்னிக்கும் இதையேதான் சொன்னீங்க."

முசெகிவா தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு ஒரு பதில் எழுதிக் கொடுக்க எவ்வளவோ முயன்றுவிட்டேன். அவன் வாயைத் திறக்க மறுக்கிறான். என்னாலும் இனி முடியாது, களைத்துவிட்டேன்.

வெளியே தூதுவர் மறுபடி கை தட்டுகிறார். உள்ளறையில் செனாய் முக்காட்டுக்குள் உட்கார்ந்து, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கேட் திறக்குமா திறக்காதா என்று அவளிடம் யாராவது போய்ச் சொல்ல வேண்டும். நீங்கள் போங்கள்.