சிவபாலன் சுட்ட குடம்

மேல்தட்டிலிருந்த கறுப்புக் குடத்தை மனோரஞ்சிதம் எட்டி இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். ஓடெத் கிழவி பதறியடித்து ஓடிவந்தாள்.

“மனோ, அது குடமில்லை. சிற்பம்.”

“அண்ணனை இண்டைக்கு எரிக்கினம். எனக்குக் குடம் வேணும்,” என்று டேனிஷில் கத்தினாள் மனோ.

ஓடெத் பிரான்சுக்காரி. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, வெண்கலம் வாங்க வக்கில்லாத காலத்தில், அவளும் சிநேகிதர்களும் பானை வனைகிற மண்ணிலேயே சிலை செய்யத் தொடங்கினார்களாம். அவர்களுடைய குடத்துக்கு வயிறு உண்டு, தோள் உண்டு, கழுத்து உண்டு. ஆனால் அது தண்ணீருக்கில்லை, சுற்றி நடந்து பார்ப்பதற்கு. டேனிஷ்காரனைக் கட்டி டென்மார்க்கின் ரண்டர்ஸ் ஊருக்கு வந்த பிறகும் அவள் அதை விடவில்லை. அவளுடைய சூளையில் நெருப்புப் பார்த்தவன் மனோவின் அண்ணன் சிவபாலன். போன கிழமை அந்தச் சூளையடியில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தினான், பிறகு எழும்பவேயில்லை.

ஊருக்குள் மண்குடம் தேடியாயிற்று. கடைகளில் பூச்சாடிதான் இருந்தது. “அடியிலை ஓட்டையும் கிடக்கு, சுகம்தானே,” என்றார் செத்தவீட்டுக் காரியங்களை முன்னின்று நடத்தும் கனகசபை அண்ணை. என் அண்ணனுக்குப் பூச்சாடியிலோ கொள்ளிக்குடம் என்று அவரோடு ஒரு பாட்டம் சண்டை பிடித்துவிட்டுத்தான் இங்கே வந்திருந்தாள் மனோ. ஓடெத் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு பழைய போர்வையை எடுத்துக் குடத்தைச் சுற்றிக் கொடுத்தாள்.

குடம் கிடைத்தது. சுமக்க மகன் எங்கே? துஷாந்தன் தாயோடு கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் கிடந்தான். அவர்களைக் கூப்பிடச் சிவபாலன் எண்பத்தாறிலேயே விண்ணப்பித்திருந்தான். வர உரிமை உண்டு, சட்டம் தெளிவாக இருக்கிறது என்றார் வக்கீல். சட்டம் இருந்து என்ன? கொப்பன்ஹேகனில் ஏதோவொரு கந்தோரில் எவனோ ஒருவன் அந்த விண்ணப்பக் கோப்பை மேசை லாச்சிக்குள் போட்டு மூடிவிட்டான். இது எண்பத்தெட்டு ஐப்பசி. அந்த லாச்சி இன்னும் திறக்கவில்லை.

“மகன் இல்லாட்டி தம்பி முறைக்காரன் தூக்கலாம் பிள்ளை. சாத்திரம் விடும்,” என்றார் கனகசபை அண்ணை, எரியூட்டும் மண்டபத்தில்.

“சாத்திரம் விடும். நான் விடமாட்டன்.”

ஆனால் மண்டபத்துக்காரர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். சித்தப்பாவின் மகன் லோஜன் தண்ணீர் நிறைத்த குடத்தைத் தோளில் வைத்துப் பெட்டியைச் சுற்றினான். கனகசபை அண்ணை ஓட்டை போடக் கத்தியால் கொத்தினார். ஒரு கீறல் விழுந்தது. கத்தி முனை வளைந்தது. அடுத்த சுற்றுகளிலும் அதே கதைதான். கடைசியில் லோஜன் திரும்பிப் பாராமல் குடத்தைப் பின்னால் விட்டான்.

உடைந்தது நிலத்துக் கல். குடம் உருண்டுபோய்ச் சுவரோடு நின்றது.

“இன்னொருக்காப் போடு,” என்றார் கனகசபை அண்ணை. போட்டான். திரும்பவும் உருண்டது. “ஆவி அடங்கேல்லைப் போல,” என்று பின்னால் ஒருத்தி குசுகுசுத்தாள்.

ஓடெத் கடைசி வரிசையில் எழுந்து நின்றாள். “அது உடையாது. கல்லாகும்வரை சுட்டது. சிவா இரவிரவாக நெருப்புக்குப் பக்கத்தில் இருந்து சுட்டது.”

மனோ விறுவிறென்று போய்க் குடத்தைத் தூக்கினாள்.

“பிள்ளை, செத்தவீட்டுக் குடத்தைப் பொம்பிளையள் தொடக்கூடாது!”

“விடுங்கோ அண்ணை! நான் தொட்டால் தீட்டு. பெத்த பிள்ளையை லாச்சிக்குள்ளை வைச்சுப் பூட்டினால் தீட்டில்லையோ? இது துஷாந்தன் உடைக்கவேண்டிய குடம். அவன் வந்து உடைப்பான்.”

“அப்ப கொள்ளி?”

“பொத்தானை அமத்தச் சொல்லுங்கோ. அதுக்கு ஒருத்தற்றை மகனும் தேவையில்லை.”

பெட்டி உள்ளே போனது. மனோ அழவில்லை; பல்லைக் கடித்துக்கொண்டு, குடத்தில் மிஞ்சிய தண்ணீரில் சேலை நனைய நனைய நின்றாள்.

லோஜன்தான் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தான். வாசல் நடையில் ஒரு சோடிச் சின்னச் சப்பாத்து இருந்தது. மகன் வந்திறங்கியதும் பனியில் நடக்க வேண்டுமே என்று விண்ணப்பம் போட்ட வருடமே சிவபாலன் வாங்கி வைத்தது. மனோ ஒன்றை எடுத்துப் பெருவிரலால் நுனியை அமத்திப் பார்த்தாள். துஷாந்தனுக்கு இனி இது கொள்ளாது.

குடத்தை அவள் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். கத்தி கீறிய பக்கத்தை வெளியே திருப்பினாள்.

“அக்கா, நடுவழியிலை கிடக்கு. வாறவையின்ரை காலிலை தட்டும்.”

“தட்டட்டும்,” என்றாள் மனோ.