மூக்கடியில் ஒரு பெருவிரல்

மில்லர்புரத்துப் பட்டறையில் தேவகனி அந்தச் சிவப்புக் காருக்கு மெழுகு போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். பார்த்தால் அந்தக் காலத்துச் சீமை ரேஸ் கார், தட்டினால் திரேஸ்புரத்து ஃபைபர் படகு. அச்சில் ஃபைபர் பாயை விரித்து, ரெசின் பூசி, மேல்கூடு முழுவதையும் போட்டவள் அவள்தான். படகு செய்த பழக்கத்தில் ஒரு பாய் கூடுதலாகவும் போட்டுவிட்டாள்.

"ஏளா, இது ரோட்டுல ஓடணும், கடலுக்குப் போவாது" என்று மெக்கானிக் ஜேசுபாதம் அன்றிலிருந்து சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"மழைக்கு மிதக்கட்டும் அண்ணாச்சி."

இன்னொரு பழக்கமும் கையோடு வந்திருந்தது. அவள் இருந்த படகுப் பட்டறையில், கடைசிப் பூச்சு காயுமுன் வேலை செய்தவர் படகின் முன்முனையான அணியத்தின் அடியில் பெருவிரலை அழுத்துவார். அதே போல் காரின் மூக்கடியிலும் அழுத்திவிட்டாள். முதலாளி சிவப்பிரகாஷ் பட்டி போட்டு மூடச் சொன்னான். மூட அவளுக்கு மனசு வரவில்லை, நாளைக் கடத்தினாள்.

இந்தக் கார் விற்றால் அடுத்த இரண்டு கார் வேலையும் அவளுக்கு, மாதச் சம்பளமும் உண்டு. விற்காவிட்டால் பழையபடி படகுப் பட்டறையில் கூப்பிட்ட அன்றைக்கு மட்டும் வேலை. முதலில் பார்க்க வந்தவர், சிக்கனத்துக்கு வைத்திருந்த டாக்சி டீசல் எஞ்சின் சத்தத்தைக் கேட்டதுமே, "தண்ணி லாரி மாதிரி இருக்கு" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அப்புறம்தான் ஜேசுபாதம் முதலாளியோடு சண்டை போட்டு, அந்தக் காலத்து பெட்ரோல் எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினார்.

காரைப் பார்க்கக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் பத்து மணிக்கு வந்தார். எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார்.

"இதுதானுங்க சத்தம். டீசலா இருந்தா பாதி விலைக்குங்கூட வேண்டாம்னிருப்பேன்."

ஜேசுபாதம் தேவகனியைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"பாடி எங்க பண்ணுனதுங்க?"

"இங்கிலாந்துல இருந்து அப்படியே வந்தது சார்" என்றான் சிவப்பிரகாஷ், இமைகூடக் கொட்டாமல்.

தேவகனிக்குச் சிரிப்பு வந்தது. துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் அவர் குனிந்து, செல்போன் வெளிச்சத்தை மூக்கடியில் அடித்தார். அவள் பெருவிரலைத் துணிக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"இதென்னங்க, கைரேகை?"

சிவப்பிரகாஷ் அவளை ஒருமுறை முறைத்தான். அப்புறம் முகம் மலர்ந்தது.

"அதான் சார் விஷயமே. அங்கன செய்யுத மேஸ்திரி ஒவ்வொரு காருலயும் தன் விரல வைப்பாரு. டூப்ளிகேட்ல இது இருக்காது."

அவர் அதற்கப்புறம் பேரம் பேசவே இல்லை.

ஜேசுபாதம் அவள் காதருகே வந்தார். "ஏளா வெள்ளக்காரி, சம்பளம் வந்துட்டுளா!" அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"யக்கா, அடுத்த வண்டிக்கும் அதே இடத்துல வச்சிரு" என்று போகிற போக்கில் கிசுகிசுத்தான் சிவப்பிரகாஷ்.

காரை லாரியில் ஏற்றுமுன், மூக்கடியில் தூசி படிந்திருப்பதைப் பார்த்து அவள் குனிந்தாள். பெருவிரல் தானாகவே அந்தப் பள்ளத்தில் போய்ப் பொருந்தியது.

"அம்மா, அம்மா!" கோயம்புத்தூர்க்காரர் பதறி ஓடி வந்தார். "அதுல மட்டும் கை வைக்காதீங்க. அது ஒரிஜினல்."

அவள் விரலை எடுத்துக்கொண்டாள்.