நோயில்லை என்று சொன்ன தாள்

மினி லாரியின் ஹாரன் அலறிய அலறலில் கூரைமேல் நின்ற கோழி கீழே குதித்தது. தவிடு கலக்கிக்கொண்டிருந்த ஜெயம்மாளின் கை அப்படியே நின்றது.

"பாய் வந்துட்டாரு," என்று சட்டைப் பொத்தானைப் போட்டபடி வெளியே வந்தான் அவள் புருஷன் காசிநாதன்.

மாட்டு வியாபாரி பக்கீர் முகமது கள்ளக்குறிச்சியிலிருந்து வந்திருந்தார். போன வாரமே துண்டுக்குள் கைவிட்டு, விரல் பிடித்து, இருவரும் விலை பேசி முடித்திருந்தார்கள். செவலைப் பசு கன்று போட்டு எட்டு மாதம். மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. பாலும் வற்றிக்கொண்டு வந்தது. வடக்கனந்தலில் கரும்பு வெட்டுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் பிழைக்கிற அந்த வீட்டில், ஜெயம்மாளுக்கென்று இருந்தது அந்த ஒரு மாடுதான்.

"செத்த பொறுங்க பாய். டாக்டரம்மா இன்னிக்கு ரிசல்ட் எடுத்தாறேன்னு சொல்லிக்கீது," என்றாள் ஜெயம்மாள்.

"இன்னா ரிசல்ட்டு? மாடு பத்தாவது பரீட்ச எழுதிச்சா?" என்று இறங்கினார் பாய்.

காசிநாதன் சிரிக்கவில்லை. "கர்ப்பப்பையில நோவுன்னு சொன்னா வைத்தியம் பாத்து வெச்சிக்கிறோம் பாய். நோவு இல்லன்னா மலடுதான். நீங்க ஏத்திக்கினு போங்க."

"நியாயம்தான். நோவு மாட்டை ஏத்திக்கினு போய் நான் மட்டும் இன்னா பண்றது? காபி போடு ஜெயம்மா, குடிச்சினு காத்திருக்கேன்."

டம்ளர் பாதி காலியாவதற்குள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள் எழில்மதி. கால்நடை மருத்துவம் முடித்துவிட்டு ஆராய்ச்சி செய்கிற பெண். சினை நிற்காத மாடுகளைத் தேடி ஊர் ஊராகச் சுற்றுகிறவள். போன மாதம் இங்கேயும் வந்து ரத்தமும், கர்ப்பப்பையிலிருந்து கொஞ்சம் நீரும் எடுத்துப் போயிருந்தாள். அன்று காசிநாதன் கரும்பு வெட்டுக்குப் போயிருந்தான்.

"நோவு இருக்குதுல்ல தாயி?" ஜெயம்மாள் ஓடிப்போய்க் கேட்டாள்.

"இல்லக்கா, நல்ல சேதி." எழில்மதி பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "கர்ப்பப்பைக்குள்ள அழற்சி இருந்தா சில மாட்டுக்கு வெளிய ஒண்ணுமே தெரியாது. சீழ் வராது, காய்ச்சல் இருக்காது. ஆனா ரத்தத்துலயும் அந்த நீர்லயும் சில புரதம் ஜாஸ்தியாவும், சிலது கம்மியாவும் இருக்கும். அதைத்தான் நாங்க பாக்கறோம். உங்க மாட்டுக்கு எல்லாம் அளவா இருக்கு."

"நல்லா பாத்தியா? ஒண்ணு ரெண்டாவது ஜாஸ்தி இருக்குமே."

"இன்னாடி இது, நோவு வரணும்னு வேண்டிக்கினியா?" என்றான் காசிநாதன்.

"ஃபெயில் போடுங்கன்னு வாத்தியார்கிட்ட கெஞ்சற மொத ஆளு நீதான் ஜெயம்மா." பாய் சிரித்துக்கொண்டே டம்ளரைக் கீழே வைத்தார். "எந்திரி காசி, வெயில் ஏறுது."

காசிநாதன் கயிற்றை அவிழ்த்தான். செவலை லாரியில் சாய்த்திருந்த பலகையில் முன்காலை வைத்து, ஏறமாட்டேன் என்று நின்றது. பாய் பின்னாலிருந்து தட்டிக்கொடுத்தார். ஜெயம்மாள் காலி டம்ளரோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு நிமிஷம், விக்கற மாடுன்னு எழுதிக்கறேன்." எழில்மதி நோட்டைத் திறந்து, மாட்டின் காதில் தொங்கிய, எண் போட்ட மஞ்சள் வில்லையைத் திருப்பினாள். நோட்டைப் பார்த்தாள். மறுபடியும் காதைப் பார்த்தாள்.

"போன மாசம் நான் எழுதின நம்பர் நாப்பத்தேழுல முடியுது. இது எம்பத்தி மூணு."

காசிநாதன் பெண்டாட்டியைப் பார்த்தான். பாயும் பார்த்தார். ஜெயம்மாள் புருஷன் கையிலிருந்த கயிற்றை வெடுக்கென்று பிடுங்கி, செவலையைப் பலகையிலிருந்து இறக்கினாள்.

"அன்னிக்கு உனக்குக் காட்னது பக்கத்து வூட்டு பாப்பாத்தி மாடு தாயி. நோவுன்னு தெரிஞ்சா சொசைட்டில பாலு வாங்க மாட்டாங்கன்னு பயந்துக்கினு மாத்திக் கட்டிட்டேன். இப்ப எம்மாட்டைப் பாரு, கண்டிப்பா நோவு இருக்கும்."