பொய்க்கு ஒரு தட்டு

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. என் அண்ணியிடமிருந்து சுட்டது. பின்னால் யாரும் என் மேல் பாயக்கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு பத்திரிகைக்காரர் போன் செய்தார். "மாணவர் மலருக்கு ஒரு கதை குடுங்க சார். ஒரு டீச்சர், கலகலப்பான ஒரு வகுப்பு, கடைசியில லேசா ஒரு நீதி. வம்புதும்பு வேண்டாம்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் தூவுவதற்கு நீதி என்ன கொத்தமல்லித் தழையா?

ஆனாலும் சரி என்றேன். முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அண்ணி, துணி மடித்துக்கொண்டே, தன் வகுப்பில் நடந்ததைச் சொல்லியிருந்தார். அவர் வேதியியல் ஆசிரியை. பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் ‘அமிலம்’. எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுது தம்பி. ஆனா கதையில என்னை அழ வச்சே, இந்த வாசப்படி ஏறாதே."

2

முதல் தொடக்கம்: ‘இளவெயில் ஜன்னல் வழியே வகுப்பறைக்குள் பொன்னாக…’

(தூ! அந்த ஜன்னலுக்கு எதிரே இருப்பது கழிவறைச் சுவர். வெயில் எந்த வழியாக வரும்?)

இரண்டாம் தொடக்கம்: ‘நல்லாசிரியர் என்பவர் ஒரு மெழுகுவர்த்தியைப் போலத் தன்னையே…’

(ஆசிரியர்களை உருக்கி நாம் குளிர் காய்ந்தது போதும்.)

மூன்றாம் தொடக்கம்: மூன்று வாரமாக எல்லாப் பீரியடும் பரீட்சை.

(இது நிற்கட்டும். இனி அவர் அண்ணி இல்லை, டீச்சர். வகுப்பறைக்குள் கொழுந்தனுக்கு என்ன வேலை?)

3

டீச்சர் அன்றும் வினாத்தாள் கட்டோடுதான் ஒன்பதாம் வகுப்புக்குள் போனார். தலைமையாசிரியர் உத்தரவு அப்படி: பாடம் கிடையாது, பரீட்சை மட்டும். பிள்ளைகளின் முகமெல்லாம் பேயறைந்த மாதிரி இருந்தது. ‘ரேடியோ’ என்று பெயரெடுத்த பையன்கூட வாயைத் திறக்கவில்லை. அதைப் பார்த்ததும் டீச்சர் கட்டைத் தூக்கி மேசைக்கடியில் தள்ளினார்.

"இன்னிக்குப் பரீட்சை கிடையாது. பொய் சொல்லப் போறோம்."

யாரும் நம்பவில்லை. விதியைச் சொன்னார். ஒருவர் பலகை முன்னால் வந்து பாடம் நடத்தவேண்டும். நடுவில் ஒரே ஒரு பொய்யை நுழைக்கவேண்டும். பொய் காதில் விழுந்த உடனே மற்றவர்கள் மேசையைத் தட்டவேண்டும். கண்டுபிடித்தவருக்கு அடுத்த முறை பலகை. தப்பாகத் தட்டினால் பாட்டுப் பாடவேண்டும்.

"யார் பொய் சொன்னாலும் தட்டலாமா மிஸ்?" என்று கேட்டது முதல் ராங்க் வாங்கும் பெண். எதையும் விதிப்படி செய்யும் பிள்ளை. நோட்டில் கோடு போட்டு, கோட்டுக்கு அடியில் இன்னொரு கோடு போடும் ரகம்.

"யாரா இருந்தாலும் தட்டலாம். நானா இருந்தாலும்."

ரேடியோ குதித்தோடி வந்தான். "இரும்பு துருப்பிடிக்கக் காத்தும் வேணும், தண்ணியும் வேணும். உப்புத்தண்ணின்னா சீக்கிரம் பிடிக்கும். துருப்பிடிச்சதும் மொத்த எடை குறைஞ்சிடும். அதனாலதான்…"

டப்! முதல் ராங்க்தான். "ஆக்சிஜன் வந்து சேருது இல்ல? எடை கூடத்தானே செய்யும்?"

"ஆமா, பெரிய இவ! எங்க வீட்டு கேட்டு துருப்பிடிச்சு ஓட்டையே விழுந்திருச்சு. அது கூடுச்சாக்கும்?"

"கீழ கொட்டினதையும் அள்ளித் தராசுல வைடா!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பிறகு என்ன, பொய் மழைதான். ஒருவன் தங்கமே துருப்பிடிக்கும் என்று நடத்தினான். டீச்சர் நேற்றைய பரீட்சை சுலபம்தான் என்று நடுவில் சொல்லிப் பார்த்தார். நாலு பக்கமும் மேசை அதிர்ந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தார். (அண்ணி, இது அழுகை இல்லை. சண்டைக்கு வராதீர்கள்.)

4

இப்போது தலைமையாசிரியர் வரவேண்டும். இவரை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

முதல் வரைவில் முறுக்கு மீசையும் பிரம்பும் கொடுத்தேன். நாடகத்து ராட்சசன் மாதிரி வந்து நின்றார். கிழித்துப் போட்டேன். அண்ணியிடம் கேட்டால், "பாவம், நல்ல மனுஷன்தான் தம்பி. நிர்வாகி வாரா வாரம் கூப்பிட்டு, தேர்ச்சி விகிதம் என்னாச்சுன்னு தாளிச்சு எடுக்கிறார். அந்தச் சூட்டை இவர் எங்க மேல இறக்கிடுறார்" என்கிறார். பாவம் என்றால் பாவம்தான். அதற்காக அவரை மன்னித்துவிட நான் தயாராக இல்லை. அடி வாங்கியவர் எல்லாரும் அடுத்தவரை அடித்துத்தான் ஆகவேண்டும் என்று எந்தக் கதையில் எழுதியிருக்கிறது?

5

சத்தம் கேட்டு அவர் வந்தார். எல்லாரும் எழுந்தார்கள். உட்காரச் சொன்னார். மேசைக்கடியில் கிடந்த கட்டைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமினார்.

"இந்தப் பரீட்சையெல்லாம் யாருக்காக? உங்களுக்காகத்தான். நம்ம பள்ளிக்கு மார்க் முக்கியமே இல்ல. நீங்க சந்தோஷமா இருக்கணும், அவ்வளவுதான்…"

டப்!

தட்டியது முதல் ராங்க்.

அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. கையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "சாரி சார்… விதி சார்… யார் சொன்னாலும் தட்டணும்னு…"

(வாயாடி ரேடியோ தட்டியிருந்தால் அது சேட்டை. ஒரு நாளும் சொல் தட்டாத பிள்ளை, சொன்னதைச் செய்ததால் வந்த வினை இது.)

எங்கோ ஒரு அடக்கிய சிரிப்பு வெடித்தது. பிறகு வகுப்பே சிரித்தது. தலைமையாசிரியருக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் முகம் கறுத்துவிட்டது. அந்தப் பெண்ணை நோக்கி ஒரு எட்டு வைத்தார். டீச்சர் நடுவில் வந்து நின்றார்.

"விதி நான் போட்டது சார். எதுன்னாலும் என்னைக் கேளுங்க."

6

கேட்டார். குரலை உயர்த்தாமல் கேட்டார். அதுதான் பயமாக இருந்ததாம்.

"வருஷக் கடைசியில உங்க ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கணும். கையெழுத்து நான்தான் போடணும். தெரியும்ல?"

"தெரியும் சார்."

"இந்தப் பீரியடு வீண், நான் செஞ்சது தப்புன்னு பிள்ளைங்க முன்னாலயே சொல்லிடுங்க. இதோட விட்டுடறேன்."

இதில் என்ன பெரிய விஷயம் என்று நினைப்பீர்கள். என் அண்ணனின் தொழிற்சாலை இந்த வருஷம் மூடிக் கிடக்கிறது. வீடு ஓடுவது அண்ணி சம்பளத்தில். இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டால் போதும், அடுப்பு எரியும். டீச்சருக்குச் சொல்லித் தொலைத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியதாம்.

7

பத்திரிகைக்காரருக்குப் பிடிக்கும் முடிவு: தலைமையாசிரியர் வாய்விட்டுச் சிரித்து, தானும் ஒரு மேசையைத் தட்டி, ‘மாணவச் செல்வங்களே, இன்று நீங்கள் என் கண்களைத்…’ (என் கை கூசுகிறது. அடித்துவிட்டேன்.)

இன்னொரு முடிவு: டீச்சர் மன்னிப்புக் கேட்கிறார், அது பொய் என்பதால் மொத்த வகுப்பும் மேசையைத் தட்டுகிறது. கைதட்டல் வாங்கும் முடிவுதான். ஆனால் பெரியவள் பணிந்துவிட்டு, பிள்ளைகளை முன்னால் தள்ளி வீரம் காட்டுவதா? வேண்டாம்.

நடந்தது இது. டீச்சர் பிள்ளைகளைப் பார்த்து நின்றார். எல்லார் கையும் மேசை மேல் இருந்தது.

"இந்தப் பீரியடு வீணாகல. துருவை நீங்க சாகிற வரைக்கும் மறக்க மாட்டீங்க. நான் தப்பு செய்யல. மன்னிப்பு கேட்க மாட்டேன்."

தலைமையாசிரியர் வகுப்பைப் பார்த்தார். காத்திருந்தார். ஒரு கைகூட அசையவில்லை.

8

படித்துவிட்டுப் பத்திரிகைக்காரர் கேட்டார்: "சரி சார், வேலை போச்சா, இருக்கா?"

"வருஷம் இன்னும் முடியலை."

"அப்போ நீங்களே ஒரு முடிவு எழுதிடுங்களேன். கையெழுத்துப் போட்டுட்டார்னு. கற்பனைதானே?"

முடியாது என்றேன். தலைமையாசிரியர் கையெழுத்தை நான் போட்டுக் கொடுத்தால், அவர் போடாமல் தப்பித்துக்கொள்வார். வேலை போனதாகவும் எழுத மாட்டேன். நிமிர்ந்து நின்ற பெண்ணை ஒரு வரியில் தெருவில் நிறுத்தி, உங்களிடம் ‘ஐயோ பாவம்’ வாங்கித் தின்னும் பிழைப்பு எனக்கு வேண்டாம்.

முடிவு இல்லாமல் தூக்கம் வராது என்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். எழுதி முடித்ததும் அந்த ஒன்பதாம் வகுப்புக்குப் போய், பலகை முன்னால் நின்று, அதை உரக்கப் படித்துக் காட்டுங்கள்.