மண் சூடேறுமுன்

பெரியப்பா ஃப்ரிட்ஜின் வயரைப் பிடுங்கிவிட்டு, தங்கையைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் வயரைச் செருகினார். இரண்டின் தடித்த பிளக்குக்கும் வீட்டில் அந்த ஒரு பாயின்ட்தான். பெட்டி உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

அண்ணன் பார்த்துக்கொண்டு நின்றான். காலையில் அவன் ஷிப்ட் முடிந்து உள்ளே நுழைந்தபோது அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அவன் கண்ணயர்வதற்குள் போன் வந்துவிட்டது. திருப்பத்தில் லாரி. இன்னும் அழுகை வரவில்லை. யார் வீட்டிலோ நடப்பதை எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது.

அவளோடு ஆராய்ச்சி செய்யும் பெண் வாசலில் நின்றாள். அவனை ஓரமாக அழைத்தாள்.

“தப்பா நினைக்காதீங்கண்ணா. மண்ணு ஃப்ரிட்ஜுலதானே இருக்கு?”

இருந்தது. கீழ்த்தட்டு முழுக்கப் பொட்டலங்கள். எரிபொருளுக்காகப் பயிரோடு சேர்த்து வளர்க்கும் மரங்களின் அடியில் தோண்டியவை. மரம் உறிஞ்சிய சத்தில் உதிர்ந்த இலை எவ்வளவைத் திருப்பித் தருகிறது என்பதுதான் தங்கையின் ஆராய்ச்சி. கல்லூரிக் குளிர் அறை பழுது என்று நேற்று வீட்டுக்குத் தூக்கி வந்தாள். பால் வைக்க இடமில்லை, மண்ணுக்கு ராஜ உபசாரமா என்று அம்மா நொடித்தாள். மண்ணுக்குக்கூடக் கெட்டுப்போகத் தெரியுமா என்று அவன் கேட்டதற்கு, உன்னைவிட நல்லாத் தெரியும் என்று தங்கை வாரிவிட்டாள்.

மறுபடி எடுக்க முடியாதா என்று கேட்டான்.

“மரத்தை வெட்டிட்டாங்கண்ணா. இது சூடேறிட்டா அவ செஞ்சதெல்லாம் வீண். காலேஜ் வண்டி சாயங்காலம்தான் வரும்.”

பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் இடம் கேட்டான். சாவு வீட்டு மண்ணா என்று அவர்கள் முகம் போன போக்கைப் பார்த்துத் திரும்பிவிட்டான்.

பொட்டலங்கள் வியர்க்கத் தொடங்கியிருந்தன. பக்கெட்டில் அடுக்கிக் கூடத்துக்குக் கொண்டுவந்து, ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கினான். பெரியப்பா பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்தார்.

“புத்தி பேதலிச்சுப் போச்சாடா? குழிக்குப் போறதுக்கு முன்னாடியே மண்ணை அள்ளிப் போடுற?”

“இது அவளோடது பெரியப்பா.”

அவர் பிடியை விடவில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். உடல் வந்து இறங்கியதிலிருந்து அவள் சுவரோரமாகவே சுருண்டு கிடந்தாள்.

அம்மா சுவரைப் பிடித்து எழுந்து வந்தாள். பெட்டிக்குள் கையை விட்டு, மகளின் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்து ஒரு பக்கமாக ஒதுக்கினாள். இடம் போதுமா என்று குனிந்து பார்த்தாள்.