டிரம்முக்குள் போன சாவி

பட்டறையின் பின்சுவரை ஒட்டி இடுப்பளவு உயரத்தில் ஒரு டிரம் நின்றது. பிரித்த வண்டிகளில் மிஞ்சிய நட்டு, போல்ட், ஸ்குரு, வாஷர் எல்லாம் முப்பது வருஷமாக அதற்குள்தான் போயின. அப்பா ஆரம்பித்த பழக்கம். தம்பி அதை விடாமல் பிடித்துக்கொண்டான். கேட்டால், "எதுக்காவது ஆகும்" என்பான். எதற்கு ஆகும் என்பது அந்த டிரம்முக்கே தெரியாது. வேண்டியது என்றைக்கும் அடியில்தான் கிடக்கும், வேண்டாத நூறு வந்து விரலைக் குத்தும்.

அக்காவுக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். பதினோரு வருஷமாகப் பட்டறைச் சாமான்களைப் பார்த்துக்கொள்வது அவள்தான். போன வருஷம் டிரம்முக்குள் கைவிட்டு நகம் பெயர்ந்த அன்று, போதும்டா சாமி என்று வீட்டிலிருந்த ஜாம் பாட்டில்களைக் கழுவி எடுத்துவந்தாள். வண்டிக்கு ஒரு பாட்டில். கழற்றுவதெல்லாம் அதற்குள் போகும், மூடியில் வண்டி நம்பர் இருக்கும். திரும்ப மாட்டி முடிக்கும்போது பாட்டில் காலியாக வேண்டும். ஒன்று மிஞ்சினால் வண்டியில் எங்கோ ஒரு ஓட்டை சும்மா இருக்கிறது என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஆனால் தெருவே அவளுக்குப் 'பாட்டில் அக்கா' என்று பேர் வைத்தது. குடிகாரியைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்று தம்பியின் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அக்கா விட்டுவிட்டாள்.

சிரிக்காதவன் தம்பிதான். போன வாரம் ஒரு வண்டிக்காரர் அலமாரியை அண்ணாந்து பார்த்து, தன் பாட்டிலில் இரண்டு மிஞ்சியிருக்கிறதே, அது எங்கே போக வேண்டியது என்று கேட்டுவிட்டார். நாலு பேர் முன்னால் தம்பிக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவர் தலை மறைந்ததும் தீர்ப்பு வந்தது. வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்காரர் வருவார். பாட்டில்களில் இருப்பதை எல்லாம் சாக்கில் கொட்டி அவரிடம் கொடுத்துவிட வேண்டும். முடியாது என்றால் சனிக்கிழமையிலிருந்து அக்கா பட்டறைப் பக்கம் வர வேண்டாம்.

சொன்னால் செய்கிறவன் அவன். பட்டறை அப்பாவுடையதுதான், ஆனால் போர்டில் அவன் பேர் மட்டும்தான் இருந்தது. வீட்டில் சும்மா உட்கார அக்காவுக்குத் தெரியாது. ஆனாலும் வெள்ளிக்கிழமை காலைவரை ஒரு பாட்டிலைக்கூட அவள் சாக்கில் கொட்டவில்லை.

அன்று பெருக்கும்போது ஸ்பேனர் தட்டுக்கு அடியிலிருந்து ஒரு போல்ட் உருண்டு வந்தது. தலையில் பச்சை பெயிண்ட், மரை முழுக்கப் புதுப் பளபளப்பு. நேற்றுவரை எங்கோ இறுகி உட்கார்ந்திருந்த சாமான் அது. பச்சை அடிச்சட்டம் உள்ள வண்டி பட்டறையில் ஒன்றுதான், வாசலில் நிற்கும் தண்ணீர் லாரி. நேற்று அதற்கு ஸ்டியரிங் பெட்டியைக் கழற்றி மாட்டியிருந்தார்கள். சாயங்காலம் அதன் பாட்டில் காலியாகத்தான் இருந்தது. அப்பாடா என்று மூடியை மூடி வைத்தவளே அவள்தான்.

லாரியின் டிரைவர் அப்போது தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தார். ஆமை வேகத்தில் ஓட்டுவதால் அவருக்கு 'நிதானம்' என்று பேர். மேட்டின் உச்சியிலிருக்கும் தொட்டியில் நிரப்பிக்கொண்டு, முழுச் சுமையோடு சரிவில் இறங்குகிறவர் வேறு எப்படி ஓட்டுவார்?

அக்கா போல்ட்டை நீட்டினாள். தம்பி அலட்டிக்கொள்ளவே இல்லை. நாலாவது போல்ட் கை நழுவி எங்கோ உருண்டுவிட்டதாம், இருட்டிக்கொண்டு வந்ததாம், டிரம்மில் தேடி அதே சைஸில் ஒன்றை எடுத்துப் போட்டானாம்.

"ஸ்பேனர் கச்சிதமா பிடிச்சுது. இறுகியும் போச்சு. இன்னும் என்ன?"

"தலைக்குத்தான் ஸ்பேனர் பிடிக்கும். நீளம் பாத்தியா?"

அவன் டிரைவரைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். "நீ பெருக்கற வேலையைப் பாருக்கா. வண்டி என் வேலை."

அக்காவுக்குச் சுருக்கென்றது. பதினோரு வருஷமும் ஒரு துடைப்பத்துக்குள் அடங்கிவிட்டது. அழுகை வரப்பார்த்தது, கோபம் முந்திக்கொண்டது. மேஜைமேல் லாரிச் சாவி கிடந்தது. நிதானம் அதை எடுக்கக் கை நீட்டுவதற்குள் அவள் எடுத்துவிட்டாள். நேராக டிரம்முக்குப் போனாள். முழங்கைவரை கையை விட்டு, ஒரு கிளறு கிளறி, வெறுங்கையை வெளியே எடுத்தாள். இரண்டு இடத்தில் ரத்தம் கசிந்தது.

"தேடினா எல்லாம் அதுக்குள்ள கிடைக்கும்னு சொல்லுவியே. சாவியும் கிடைக்கும். எடுத்துக்கோ."

தம்பி சட்டைக் கையை மடித்துக்கொண்டு டிரம்முக்குள் குனிந்தான். வேறு என்ன செய்வான்? தண்ணீருக்காக இரண்டு தெரு காத்துக்கொண்டிருந்தது.

அக்கா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு லாரிக்கு அடியில் படுத்தாள். நாலும் ஒரே நீளமாக இருந்துவிட்டால் நாளைக்கு வேலையும் இல்லை, மானமும் இல்லை. பக்கத்தில் குந்தியிருந்த நிதானத்திடம், ஒவ்வொரு போல்ட்டும் எத்தனை சுற்றில் வெளியே வருகிறது என்று சத்தமாக எண்ணச் சொன்னாள்.

முதல் போல்ட்டுக்குப் பதினாறு எண்ணினார். அதைத் திரும்ப இறுக்கிவிட்டு இரண்டாவதைக் கழற்றினாள். பதினாறு. மூன்றாவதும் பதினாறு. டிரம்முக்குள்ளிருந்து தம்பியின் முணுமுணுப்பு கேட்டது. நாலாவதில் ஸ்பேனரை வைத்தாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு..."

போல்ட் அவள் உள்ளங்கையில் விழுந்தது. நிதானம் அடுத்த எண்ணைச் சொல்லவில்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். பெயிண்டை விட்டால் தலைகள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. உடம்பில் டிரம் போல்ட் பாதிகூட இல்லை. எந்தச் சீட்டுக் காலிலிருந்தோ, எந்தக் கதவிலிருந்தோ வந்த குட்டை. மூன்று மரையில் தொங்கிக்கொண்டு இத்தனை பெரிய பெட்டியைப் பிடிக்கிறேன் என்று நின்றிருக்கிறது.

நிதானம் குட்டையை விரலால் அளந்து பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மேலேருந்து இறங்கறப்போ ஏழு வளைவு, தங்கச்சி."

அவள் சரியான போல்ட்டைப் போட்டு, பதினாறு சுற்றும் தானே எண்ணி இறுக்கினாள். வெளியே வந்து குட்டையைத் தம்பியின் கையில் வைத்தாள். தோள்வரை கரியாக நின்றவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகம் வெளிறிப்போனதைப் பார்க்க அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக விட்டுக்கொடுக்கத் தோன்றவில்லை.

"அவர் முன்னாடி இப்படிப் பண்ணியிருக்க வேண்டாம்," என்றான்.

"ஓட்டப்போறது அவரு. அவர் முன்னாடிதான் பண்ணணும்."

அந்த நேரம் பார்த்துப் பழைய இரும்புக்காரர் சாக்கை உதறிக்கொண்டே உள்ளே வந்தார், எதை எடுக்க வேண்டும் என்று கேட்டார். தம்பி திரும்ப டிரம்முக்குள் கையை விட்டான். சாவி இன்னும் கிடைத்தபாடில்லை. வேறு வழியில்லாமல் நாலு பேரும் சேர்ந்து டிரம்மைச் சாய்த்தார்கள். முப்பது வருஷமும் தடதடவென்று தரையில் கொட்டியது. அரை மணி நேரம் தேடி, குவியலின் அடியிலிருந்து தம்பியே சாவியை எடுத்துக் கொடுத்தான். லாரி கிளம்பிப்போயிற்று. பிரித்து முடிக்க ஒரு வாரம் ஆகும், அப்புறம் வந்தால் வெறும் டிரம்மைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று அக்கா இரும்புக்காரரிடம் சொல்லி அனுப்பினாள்.

அவள் காலிப் பாட்டில்களைக் கொண்டுவந்து குவியலைச் சுற்றி அடுக்கினாள். ஒன்றில் மட்டும் அந்தக் குட்டை போல்ட்டைப் போட்டாள். மூடியில் வண்டி நம்பருக்குப் பதிலாக 'தம்பி' என்று எழுதி, உள்ளே நுழைகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் வைத்தாள்.

"அதை எடுத்துடுக்கா. வர்றவங்க போறவங்கல்லாம் பாப்பாங்க."

"பாக்கணும்னுதான் வச்சிருக்கேன்," என்றாள் அக்கா. "நாளைக்குச் சனிக்கிழமை. நான் வருவேன்."

தம்பி குவியலின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு போல்ட்டை எடுத்தான். இன்னொன்றின் பக்கத்தில் வைத்து நீளம் பார்த்தான்.