ஐந்தாவது கப்பல்

கமலாவதியின் புருசனுக்குப் போர்க்கப்பலில் வேலை என்பதைப் புத்தூரில் ஒருவரிடமும் வாய் திறக்கக் கூடாது. அது அவளுடைய மச்சாள் அருமைநாயகியின் கட்டளை. கடலில் நிற்கிற கப்பல் கரைக்குக் குண்டு போடுகிற காலத்தில், அது எந்த நாட்டுக் கப்பல் என்று சனம் நின்று விசாரிக்குமா?

"எஞ்சின் வேலை எண்டு சொல்லு, கமலம். அதுக்கு மேலை ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

இராசநாயகம் சிங்கப்பூருக்குப் போய் ஐந்து வருடம். ஏதோ ஒரு நாட்டுக் கடற்படை, நாலு நாடுகளில் நாலு கப்பல் வாங்கி வைத்திருந்தது. ஒன்றின் ரேடார் சொல்வது மற்றதற்கு விளங்காது. நாலு ஊர் மருமக்கள் ஒரு குசினியில் சமைக்க நிற்கிற கதைதான். பழைய கருவிகளைக் கழற்றி, புதியவற்றைப் பூட்டி, நாலையும் ஒரே பாசை பேச வைக்கிற வேலைக்கு இராசநாயகம்தான் பொறுப்பு. முதல் கப்பல் காண்பதை நாலாவது கப்பலும் காண்கிற அன்றைக்குப் பிளேன் ஏறுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவன்.

கமலாவதி அங்கே போயிருக்கலாம். ஆனால் அருமைநாயகி இளம் வயதில் தாலியறுத்து, தாயில்லாத தம்பி இராசநாயகத்தை வளர்த்து ஆளாக்கியவள். இப்போது முழங்கால் பிடித்து, கிணற்றடிக்குப் போகவே சுவரைப் பிடிக்கிறாள். வெளியே போக இருந்த ஒரே வழி கிளாலிக் கடல்; அதில் அவளைப் படகேற்றிக் கூட்டிப் போகவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் கமலாவதிக்கு மனம் வராது. ஆகையால் அவன் வந்தால்தான் உண்டு.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு ஆவணியில் அவன் பேசிப் பதிந்த ஒரு கசெற் வந்தது. கொழும்புக்குப் போய் வந்த அச்சுவேலி வியாபாரி நீக்கிலாப்பிள்ளை, சாரத்து மடிப்பில் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார். கரண்ட் இல்லாத ஊர், அரசாங்கம் பற்றரி வர விடாத ஊர். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து ரேப் றெக்கோடருக்கு வயர் இழுத்தார்கள். அருமைநாயகி பலகையில் குந்தியிருந்து கையால் பெடலைச் சுற்ற, கமலாவதி காதைக் கொடுத்தாள். மச்சாளின் கை தளர்ந்தால் இராசநாயகத்தின் குரல் கிழவன் குரலாகிவிடும்.

"நாலாவதும் முடிஞ்சுது, கமலம். சரியான கரைச்சல். கடலிலை நிண்டது ஒரேயொரு மீன்பிடி வள்ளம். முதல் கப்பலும் அதைக் கண்டுது, நாலாவதும் கண்டுது. ஆனா திரையிலை ரெண்டு வள்ளம் நிக்குது! பாத்தா, நாலாவது கப்பலுக்குத் தான் நிக்கிற இடத்தைக் குறிச்சதிலையே சின்னப் பிழை. அதைத் திருத்தின உடனை ரெண்டு வள்ளமும் ஒண்டாப் போச்சு. எனக்குக் கண்ணாலை தண்ணி வந்திட்டுது. கூட வேலை செய்யிற பெடியள் சிரிக்கிறாங்கள்." பிறகு கொஞ்ச நேரம் இரைச்சல். "வேறை என்ன, கமலம்… வாறன்."

"வாறானாம்!" என்று கத்திக்கொண்டு அருமைநாயகி பெடலை விட, றெக்கோடர் அந்தச் சொல்லோடு நின்றது. இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரே ஆரவாரம். நடக்க முடியாத மச்சாள் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாள். கமலாவதி பின்னேரங்களில் சந்திக்குப் போய், கிளாலியிலிருந்து வருகிற வான் வண்டிகளைப் பார்த்து நின்றாள். புழுதி மூடிய ஆம்பிளை எவன் இறங்கினாலும் நெஞ்சு ஒருமுறை அடித்து ஓய்ந்தது. கசெற்றை அடிக்கடி போட்டால் குரல் தேய்ந்துவிடும் என்ற பயத்தில் ஆசை பொறுக்காத நாளில் மட்டும் போட்டாள். அதுவும் அந்தச் சொல் வந்ததும் நிறுத்திவிடுவாள். வாயில் கிடக்கிற கற்கண்டை யார் துப்புவார்கள்?

ஒரு வெள்ளிக்கிழமை மச்சாள் அயல்காரரின் சைக்கிளில் ஏறிக் கோயிலுக்குப் போயிருந்தாள். கமலாவதி தானே பெடலைச் சுற்றினாள். வள்ளம் இரண்டாகத் தெரிந்த கதையில் லயித்து, நிறுத்த மறந்துபோனாள். சைக்கிள் சில்லு சுற்றிக்கொண்டே இருந்தது.

"வாறன்… எண்டு சொல்லத்தான் ஆசை. ஆனா ஐஞ்சாவது கப்பல் ஒண்டைக் கொண்டுவந்து விட்டிருக்கிறாங்கள். இன்னும் ரெண்டு வருசம் செல்லும். உன்னை இஞ்சை வா எண்டு கேக்கவும் வாய் வரேல்லை. அக்காவை விட்டிட்டு நீ வரமாட்டாய்."

தமிழில் இது ஒரு வில்லங்கம். ஆசை காட்டுகிற சொல் முன்னால் ஓடி வந்துவிடும், அதைக் கவிழ்க்கிற சொல் பின்னால் நொண்டிக்கொண்டு வரும். கமலாவதி சில்லைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். அழுகை வரவில்லை. சந்தியில் தான் நின்ற நிலையை நினைக்க வெட்கம்தான் வந்தது.

வாசலில் அருமைநாயகி நின்றாள். நெற்றியில் திருநீறு ஈரம் காயவில்லை.

"கேட்டிட்டியோ, பிள்ளை?"

"உங்களுக்குத் தெரியுமோ, மச்சாள்?"

"எப்பவோ கேட்டிட்டன். நீ கிணத்தடியிலை நிக்கேக்கை தனியப் போட்டுக் கேட்டனான்."

"தெரிஞ்சுகொண்டோ சுண்ணாம்பு அடிச்சனீங்கள்?"

"ஓம். நீ கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு பாட்டுப் படிச்சாய். இவ்வளவு வருசத்திலை நான் அதைக் கேட்டதில்லை. என்ரை வாயாலை அதை எப்பிடி நிப்பாட்டுறது?" மச்சாள் சுவரைப் பிடித்து மெல்ல இருந்தாள். "அவன் வரமாட்டான். ஐஞ்சு முடிய ஆறு வரும். நீ போ. எனக்கு முழங்கால்தான் பிழை, உசிர் நல்லாத்தான் கிடக்கு."

கமலாவதி போய் அடுப்பை மூட்டினாள்.

மறுநாள் காலை கசெற்றின் மற்றப் பக்கத்தில் பதில் பதிய உட்கார்ந்தார்கள். அருமைநாயகி பெடலைச் சுற்றினாள். கமலாவதி முதலில் உரத்த குரலில் ஊர்ப் புதினம் சொன்னாள். மழை இல்லை, வெங்காயம் பரவாயில்லை, மச்சாள் சுகம். பிறகு ரேப் றெக்கோடருக்குக் கிட்டக் குனிந்து, சில்லின் இரைச்சலுக்குள் குரலை ஒளித்துக்கொண்டாள்.

"இஞ்சருங்கோ, நான் வரேல்லை. மச்சாள் போ எண்டு சொல்லுறா. அப்பிடிச் சொல்லுற மனிசியை விட்டிட்டு எப்பிடி வாறது? நீங்கள் அந்தக் கப்பலை அவசரப்படாமல் ஆறுதலாப் பாருங்கோ. ஆனா எனக்கு உங்களைக் காணவேணும் போலை கிடக்கு. சோறு போடேக்கை, கதவு பூட்டேக்கை, சும்மா இருக்கேக்கை, எந்த நேரமும் காணவேணும் போலை கிடக்கு."

அவள் நிறுத்தினாள். பெடல் நிற்கவில்லை. முகத்தை மற்றப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அருமைநாயகி இன்னும் வேகமாகச் சுற்றினாள்.

"கதை, பிள்ளை," என்றாள். "எனக்கொண்டும் கேக்கேல்லை."